கோணலூரார் அசனத்துக்கு இணையதளம் கட்டிய கதை

ஆண்டவர் மனுஷரைப் படைத்தபோது எல்லாருக்கும் புத்தியைத் தாராளமாகத்தான் அளந்து போட்டார். கோணலூர் பக்கம் வரும்போது மட்டும் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துக்கொண்டே அளந்துவிட்டார். அதனால் அந்த ஊர்க்காரர்களை நாம் குறை சொல்லக் கூடாது. நல்ல பிள்ளைகள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள கஷ்டமே அதுதான்.

அந்த ஊரில் பாத்திரக்கடை மாடியில் நாலு பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார்கள். மூத்தவர் மாசிலாமணி. தவசி, பேச்சிமுத்து, எபனேசர் மூன்று பேரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அவர் தலையாட்டாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் சபையின் அசனப் பண்டிகைக்கு ஞானசிகாமணிதான் கன்வீனர், முன்நின்று நடத்துகிறவர். அசனம் என்றால் சபை மக்கள் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின வருஷக் கன்வீனருக்குக் கடைசிப் பந்தியில் குழம்பு பற்றாமல் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த மனுஷன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் துக்க வீட்டுக்குப் போனாலும், "வாங்க, குழம்பு வந்துட்டா?" என்றுதான் விசாரித்தார்கள். பாவம், வெளியே வருவதையே விட்டுவிட்டார். அந்தப் பேச்சு தனக்கும் வந்துவிடக் கூடாதே என்று ஞானசிகாமணி தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தார். எந்தெந்தக் குடும்பம் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்குத் தக்கபடி உலை வைக்கலாம். ஜனங்கள் போனிலேயே பேர் கொடுக்கும்படி ஒரு இணையதளம் கட்டித்தரச் சொல்லி மாடிப்படி ஏறினார்.

"அது ஒரு நிமிஷ வேலை கன்வீனரய்யா" என்றார் மாசிலாமணி.

அவர் சொன்னதும் பொய்யில்லை. இணையதளம் கட்டுகிறவர்களுக்கு பிரேம்வொர்க் என்று, கொத்தனாருக்குச் சாரம் மாதிரி, ஒன்று உண்டு. அதற்குள் ஒரு கட்டளை இருக்கும். ஒரு பேரைக் கொடுத்தால், அந்தப் பேருக்கு வேண்டிய பக்கங்களை எல்லாம் அதுவே எழுதித் தந்துவிடும். முறுக்கு அச்சு மாதிரிதான். மாவை வைத்து அழுத்தினால் அச்சில் என்ன வடிவமோ அதுதானே விழும்? இவர்கள் "குடும்பம்" என்று கொடுத்து அழுத்தினார்கள். சேர்க்க ஒரு பக்கம், பார்க்க ஒரு பக்கம், நீக்க ஒரு பக்கம் என்று பொலபொலவென்று விழுந்தது.

ஞானசிகாமணிக்கு மனசு ஆறவில்லை. பெங்களூரில் இதே வேலை பார்க்கிற அக்காள் மகனைப் போனில் கேட்டார்.

"மாமா, அது தானா எழுதுற எழுத்து. அப்படியே நம்பிராதீங்க. முதல்ல அந்தக் கட்டளையவே படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. இயக்கக் கூடாது. எழுத்தைப் பார்த்தே தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

ஞானசிகாமணி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாடியில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு விறகு பார்க்கப் போய்விட்டார்.

நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள்.

"இயக்கக் கூடாதுன்னா, முதல்ல கம்ப்யூட்டரை அணைச்சிரணும்" என்றார் மாசிலாமணி. அணைத்தார்கள். திரை கறுத்துப் போயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு ஒண்ணும் தெரியலயே அண்ணாச்சி" என்றான் எபனேசர்.

"எழுத்தே தெரியலயேல" என்றார் மாசிலாமணி.

மறுபடி போட்டு, கட்டளையைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு, திரும்ப அணைத்தார்கள். கை தவறிப் பட்டுவிடக் கூடாதே என்று கீபோர்டைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தவசி காகிதத்தைத் தூக்கி முதல் வரியில் விரல் வைத்தான்.

"நில்லு" என்றார் மாசிலாமணி. "கம்ப்யூட்டர் இதை எப்படி இயக்குது?"

"மேல இருந்து ஒவ்வொரு வரியாப் படிச்சுக்கிட்டே வருது அண்ணாச்சி."

"நீ எங்க இருந்து படிக்கப் போற?"

தவசி விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டான். நூலிழையில் தப்பித்தோம் என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்புறம் கடைசி வரியில் ஆரம்பித்துக் கீழிருந்து மேலாகப் படித்தார்கள். அப்படியும் பேச்சிமுத்துவுக்குப் பயம் போகவில்லை. கட்டளைக்கு வரி வரியாக உயிர் வந்துவிடுமோ என்று, ஒரு வரி படித்ததும் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

இப்படிப் படித்தும் அவர்கள் தப்பைக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டவர் யாரையும் கைவிடுவதில்லை.

"அண்ணாச்சி, இந்தக் கட்டளை போடுற நீக்குற பொத்தான், அமுக்குறவங்க யாருன்னு கேக்கவே இல்லை" என்றான் தவசி. "யாரு வேணும்னாலும் யாரு பேரை வேணும்னாலும் எடுத்துரலாம்."

"அப்போ என்ன செய்யணும்?"

"யாருன்னு கேக்கணும்."

"கேட்டிருவோம்" என்றார் மாசிலாமணி.

பேர் கொடுத்ததும் குடும்பத்தின் பேரோடு வருகிற பக்கத்தில்தான் "நீக்கு" என்கிற பொத்தான் இருந்தது. பீரோவைத் திறந்து கீபோர்டை எடுத்து மாட்டி, பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் "நீங்கள் யார்?" என்று எழுதினார்கள். அதற்குப் பதில் எழுத இடம் விடவில்லை. கேட்க வேண்டும் என்றுதானே தவசி சொன்னான், பதிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கட்டளையை மறுபடி அழுத்தினார்கள். புதுப் பக்கம் பழையதன் மேலேயே விழுந்தது. கேள்வியைக் காணோம்.

"அழிஞ்சு போச்சு" என்றான் பேச்சிமுத்து. திரும்ப எழுதினார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க அழுத்தினார்கள். திரும்பவும் காணோம். பிய்ந்த முறுக்கை ஒட்டவைத்துவிட்டு, ஒட்டியிருக்கிறதா பார்ப்போம் என்று புது முறுக்குப் பிழிந்தால் எப்படி? அந்தக் காலை முழுக்க எழுதினார்கள், அழுத்தினார்கள்.

"பிடிவாதமான தப்பு" என்றார் மாசிலாமணி. "ஜெபத்தினாலதான் போகும்."

எபனேசர் கண்ணை மூடி ஜெபித்தான். பேச்சிமுத்துவும் கண்ணை மூடினான். ஆனால் எழுதுவதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் கண்ணை மூடிக்கொண்டே எழுதினான். அது பக்கத்தில் விழாமல் அச்சிலேயே, அதாவது அந்தக் கட்டளைக்குள்ளேயே, போய் விழுந்தது. அதற்கப்புறம் எத்தனை தரம் அழுத்தினாலும் "நீங்கள் யார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. நாலு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்புக் கொடுத்தார்கள். கோணலூர் ஜனங்கள் ஆசை ஆசையாகப் போனைத் திறந்தார்கள். பேரைச் சேர்த்தார்கள். உடனே, "நீங்கள் யார்?" என்று கேட்டது.

"இப்பத்தானே சொன்னேன், நான் சொர்ணபாய், தெற்குத் தெரு" என்று சொர்ணபாய் அக்காள் போனைப் பார்த்து உரக்கச் சொன்னாள். பதில் இல்லை. கேள்விக்குக் கீழே ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. ஒருவர் மரியாதையாக விசாரித்துவிட்டு ஒரு பொத்தானையும் நீட்டினால், அமுக்காமல் வருவது அழகா? அமுக்கினாள். சொர்ணபாய் குடும்பம் நீங்கிற்று. அக்காள் சந்தோஷமாகப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்து அடுத்த தெரு.

அசனத்துக்கு முந்தின நாள் ஞானசிகாமணி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். பந்தலில் சமையல்காரர் அரிசி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை குடும்பம் வருது?"

மாசிலாமணி பெருமையாகத் திரையைக் காட்டினார். "ஒண்ணும் இல்லை கன்வீனரய்யா."

"தப்பு ஒண்ணும் இல்லையா?"

"தப்பும் ஒண்ணும் இல்லை, குடும்பமும் ஒண்ணும் இல்லை. அவ்வளவு சுத்தமா இருக்கு."

ஞானசிகாமணி நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அவர் வாயில் ஒரு வசவு வரவில்லை. மெல்லிய மனசுக்காரர்.

"என் கண்ணுகளா, எனக்காக ஒண்ணு செய்யுங்க. இனிமே எதையும் நல்லாப் பார்த்து, தப்பு இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் இயக்கணும். அதுவரைக்கும் தொடக் கூடாது."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

நாலு பேரும் வாக்குக் கொடுத்தார்கள். ஞானசிகாமணி கீழே இறங்கிப் போய், பந்தலின் மூலையில் முழங்காலில் நின்று எழுந்து, "ஊரு முழுக்க வருதுன்னு நினைச்சு உலை வைங்க. குழம்புக்கு இன்னொரு அண்டா கூட ஏத்துங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஊர் முழுக்க வந்தது. முதல் பந்தியிலேயே நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலையில் உப்பு, சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம், பாயசம் எல்லாம் விழுந்தது. போதகர் ஜெபம் பண்ணி முடித்தார். எபனேசர் கையை நீட்டினான்.

"வாக்கு" என்றார் மாசிலாமணி.

எபனேசர் கையை இழுத்துக்கொண்டான். நாலு பேரும் குனிந்து, பாயசத்தில் ஆரம்பித்து உப்பு வரைக்கும், கடைசியிலிருந்து முதலாக இலையை ஆராய்ந்தார்கள். உப்புக்கு வந்து சேரும்போது பந்தி எழுந்துவிட்டது. இலையை எடுத்துவிட்டார்கள். புது இலை போட்டார்கள்.

"தப்பு இல்லைன்னுதான் தெரிஞ்சிட்டே அண்ணாச்சி, இனிச் சாப்பிடலாமே" என்றான் பேச்சிமுத்து. குரலில் தெம்பில்லை.

"தெரிஞ்சது அந்த இலைக்குத்தானே. இது புதுசா அழுத்தினது."

அதுவும் நியாயந்தான். திரும்பவும் பாயசத்தில் ஆரம்பித்தார்கள்.

கடைசிப் பந்தியும் எழுந்தது. அண்டாவின் அடியில் இன்னும் குழம்பு கிடந்தது. ஞானசிகாமணி அதைத் தன் கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக இவர்களிடம் வந்தார்.

"சாப்பாடு எப்படிப்பா இருந்தது?"

"எல்லாப் பந்தியிலயும் பார்த்தாச்சு கன்வீனரய்யா, ஒரு தப்பும் இல்லை" என்றார் மாசிலாமணி. "ருசி மட்டும் கேக்காதீங்க. இன்னும் இயக்கிப் பார்க்கலை."

சொல்லிவிட்டு நாலு பேரும் எழுந்து, வரிசையில் நின்று கையைக் கழுவி, ஆளுக்கொரு வெற்றிலை வாங்கி அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் குத்தியபடியே வீட்டுக்கு நடந்தார்கள்.