பல்லக்கில் வந்த பிள்ளை

எப்போதோ ஒரு காலம். கொன்றைநாட்டை மாணிக்க பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பெரும்பாலும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாட்டு ராஜா விளக்கு வைத்த பிறகும் சபை நடத்துகிறார் என்று யாரோ சொல்லிவிட, இவரும் அதற்கு மேல் ஒரு நாழிகையாவது நடத்தியே தீருவது என்று பிடிவாதம் பிடித்தார். ராஜா எழுந்தால்தான் சபை கலையும். அவரோ மதியச் சாப்பாடு ஆனதும் சிம்மாசனத்திலேயே குறட்டை விடுவார். அவர் எழும்வரை பிரதானிகள் எல்லாரும் நாட்டைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குப் பெயர் ராஜ்ய பரிபாலனம்.

மந்திரி அங்கயற்கண்ணி அம்மாள் மட்டும் இந்தக் கூத்தில் சேரவில்லை. வாய்க்கால் தகராறு, எல்லைச் சண்டை எல்லாவற்றையும் உச்சிவேளைக்குள் தீர்த்துவிடுவார். பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்ததும் ராஜாவை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மகள் தேனம்மையை அழைத்துவரக் கிளம்பிவிடுவார். புருஷன் கப்பலேறிப் போனவர். பிள்ளைக்கு இவரை விட்டால் ஆள் கிடையாது.

அரண்மனை அதிகாரி குஞ்சிதபாதருக்கு இது கண்ணை உறுத்தியது. மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. ஒருநாள் ராஜா கண் விழித்த சமயம் பார்த்துப் பற்றவைத்தார்.

"மகாராஜா, நமக்கு வாய்த்த மந்திரி பாதி நாள் மந்திரி! எனக்கும்தான் பிள்ளை இருக்கிறது. என்றைக்காவது சபையை விட்டு ஓடியிருக்கிறேனா?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மணி, இனிமேல் நான் எழுந்திருக்கும் முன்னால் போவதாக இருந்தால், மோதிரத்தை வைத்துவிட்டுப் போங்கள்!"

மோதிரத்தை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. நின்றாலோ, பள்ளிக்கூட வாசலில் குழந்தை இருட்டும்வரை உட்கார்ந்திருக்கும்.  ஆனால் அங்கயற்கண்ணியின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"அப்படியே ஆகட்டும் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். பிள்ளையை அழைத்துவருவது ஒரு வேலையா என்றுதானே அதிகாரி கேட்கிறார்? இன்று இருவரும் போகிறோம். அவர் தம் மகனை நான் திரும்புவதற்குள் இங்கே கொண்டுவந்து நிறுத்தட்டும், மோதிரம் அவருக்கே. முடியாவிட்டால் நான் சொல்கிறபடி சபை கலைய வேண்டும்."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். "சபாஷ்! கிளம்புங்கள்!"

குஞ்சிதபாதர் பல்லக்கில் பறந்தார். அம்மாள் நடந்தே போனார்.

பள்ளிக்கூடத்தில் ஒரே இரைச்சல். எல்லாப் பையன்களுக்கும் ஒரே மாதிரிக் குடுமி, நெற்றியில் திருநீறு, மூஞ்சியெல்லாம் மை. குஞ்சிதபாதர் அவர்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். அவர் காலையில் கிளம்பும்போது மகன் தூங்குவான்; திரும்பும்போதும் தூங்குவான். படுத்த வாக்கில்தான் அடையாளம் தெரியும். கடைசியில் கொழுகொழுவென்று இருந்த ஒருவனைப் பிடித்து, "வாடா கண்ணா, அப்பா வந்திருக்கிறேன்" என்று பல்லக்கில் ஏற்றினார். பல்லக்கோடு வந்த வேல்காரர்களைக் கண்ட வாத்தியாருக்கு வாயே திறக்கவில்லை.

சபைக்கு முதலில் வந்து சேர்ந்தது பல்லக்குதான். ராஜா பையனின் கன்னத்தைக் கிள்ளினார்.

"அடடே! குஞ்சிதபாதரே, அப்படியே உம்மை உரித்து வைத்திருக்கிறானே! அதே மூக்கு, அதே முழி!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் மகாராஜா" என்று குழைந்தார் குஞ்சிதபாதர். சபையில் சிலர் இருமினார்கள்.

அந்நேரம் அங்கயற்கண்ணி ஒரு கையில் தேனம்மையையும் மறுகையில் ஒரு ஒல்லிப் பையனையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கொழுகொழுப் பையனுக்குக் கைகூப்பினார்.

"இளவரசே, தாங்கள் எப்படி அதிகாரியின் பல்லக்கில்?"

ராஜாவின் கை கன்னத்தருகே அப்படியே நின்றுவிட்டது.

இளவரசன் மகுடேசன் சொன்னான்: "யாரோ ஒருத்தர் அப்பா என்று சொல்லிக்கொண்டு வந்தார். யாராவது வந்தார்களே, அதுவே பெரிசு என்று ஏறிக்கொண்டேன்."

"என்னை... என்னை உனக்குத் தெரியுமா?" என்றார் ராஜா. 

"ஓ, தெரியுமே. காசில் பார்த்திருக்கிறேன். அதில் கொஞ்சம் இளைச்சிருப்பீர்கள்."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆசைப்பட்டவர்கள் தூணுக்குப் பின்னால் போனார்கள்.

"அப்படியானால் இந்த ஒல்லிப் பையன்?" என்று கேட்டார் ராஜா, பேச்சை மாற்ற.

"அதிகாரியின் மகன் சிவக்கொழுந்து மகாராஜா. பாதி நாள் மந்திரியான நான்தான் தினமும் இவனை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். அவர்தான் முழு நாளும் நாட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாரே, அவருக்கு எங்கே நேரம்!"

குஞ்சிதபாதர் மகனைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். பையன் மந்திரியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ராஜா எழுந்தார். சபை கலைந்தது. மோதிரம் அங்கயற்கண்ணியின் விரலிலேயே இருந்தது. இனிப் பள்ளிக்கூடம் விடும்போது சபையும் கலையும் என்று முரசு அறைந்தார்கள். குஞ்சிதபாதர் தினமும் கால்நடையாகப் போய் மகனைக் கூட்டிவர வேண்டும், அதுவும் மகனே வந்து கையைப் பிடித்தால்தான் கூட்டிவரலாம், என்று தீர்ப்பாயிற்று.

மறுநாள் ராஜாவே பள்ளிக்கூடத்துக்குப் போனார், துணைக்கு மந்திரியோடு. முதல்நாள் பிள்ளையை மாற்றி அனுப்பியதற்காக ராணியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட வாத்தியார், இப்போது வாசலில் குறுக்கே நின்றார்.

"மகாராஜாவே ஆனாலும் கேட்காமல் பிள்ளையை அனுப்பமாட்டேன். பிள்ளை அரிச்சுவடி படிக்கிறானா, எண்சுவடி படிக்கிறானா?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். அங்கயற்கண்ணி வெகு அக்கறையாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, பின்வரிசையிலிருந்து மகுடேசனே கையைத் தூக்கினான். "எண்சுவடி, அப்பா."