பின்னால் வந்தவரே நகல்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மருதங்கிரிச் சீமையை வாகைமாறன்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டு இருந்தார். நல்ல மனுசன்தான். ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

ஒருநாள் கடல்கடந்து ஒரு வைத்தியர் வந்தார். "மகாராஜா, உங்க தலைமுடி ஒண்ணு கொடுங்க. அச்சு அசலா இன்னொரு வாகைமாறனை உண்டாக்கித் தர்றேன். வேணும்னா அந்த மூக்கை மட்டும் கொஞ்சம் திருத்தியும் தரலாம்"னார்.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்லு. "பேஷ்! அவன் கொலுவுல உட்காரட்டும், நான் தூங்குறேன்"னு துள்ளினார். மத்தியானம் சாப்பிட்டு வெத்தலை போடும்போதுதான் உறைச்சுது. நாம தூங்கி எழுந்து வரும்போது, சிம்மாசனத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு அவன் அடம்பிடிச்சா? போச்சுடா! உடனே வைத்தியரை எல்லை தாண்டி விரட்டினார். அன்னையிலிருந்து அரண்மனையில முடி வெட்டுற நேரத்துல வேலும் கையுமா நாலு காவலர். கீழே விழுந்த முடியைக் கூட்டி அள்ளி எரிச்சாத்தான் ராஜாவுக்கு நிம்மதி.

"இனி யாரும் மனுசனை நகல் எடுக்கக் கூடாது. சட்டம் எழுது!"ன்னு சட்டப் பிரதானி விருத்தகிரிக்கு உத்தரவு.

விருத்தகிரிக்கு ஏற்கெனவே தலைக்கனம். ஒரு வைத்தியரைக் கேட்டாரா, ஒரு மருத்துவச்சியைக் கேட்டாரா? ஊஹும். தானே எழுதித் தமுக்கடிக்க வெச்சார்: "முகம், குரல், நடை மூன்றில் இரண்டு ஒத்திருக்கும் இருவரில் பின்னால் வந்தவர் நகல். எப்படி வந்தார் என்ற விசாரணை தேவையில்லை. நகல் நாடு கடத்தப்படும். எவருக்கும் விலக்கில்லை." போற போக்குல, அதுவும் தாய்மரத்தோட நகல்தான்னு ஒட்டு மாங்கன்றையும் தடை பண்ணிட்டார்!

மோர் விக்கிற சடைச்சிக்கு அஞ்சு வயசுல இரட்டைப் பொண்ணுங்க. வடிவு, தங்கம். பிறந்ததுல அரை நாழிகைதான் வித்தியாசம். காவலர் வந்து, பின்னால பிறந்த தங்கத்தை "நகல்"னு தூக்கிட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு விடிஞ்சா எல்லைக்கு அந்தப் பக்கம். சடைச்சி மோர்ப்பானையை அப்படியே போட்டுட்டு, வடிவை இடுப்புல தூக்கிக்கிட்டு அரண்மனைக்கு ஓடினா.

அங்கே ராஜா நொண்டிக்கிட்டே கொலுவுக்கு வந்தார். போன வாரம் குதிரை தள்ளி இடது கால்ல அடி. பின்னாலயே விருத்தகிரி வந்தார். அவரும் இடது காலையே நொண்டினார். அவருக்குப் பின்னால வந்த அதிகாரிங்க பன்னிரண்டு பேரும் அதே கால்! சடைச்சி அழுகையை நிறுத்திட்டு உத்துப் பார்த்தா.

"மகராசா, எம்புள்ளையை விட்டுடுங்க!"

"சட்டம் சட்டம்தான், பெண்ணே. மூன்றில் இரண்டு ஒத்தால் நகல்"னார் விருத்தகிரி.

"சரிங்கய்யா. உங்க கால்ல என்ன அடி?"

"அடியா? ஒன்றுமில்லையே."

"அப்புறம் ஏன் நொண்டுறீங்க?"

விருத்தகிரி நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா நொண்டும்போது நான் நேராக நடந்தால் மரியாதையா?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூக்கால "ஹிக் ஹிக்"குன்னு சிரிச்சார். விருத்தகிரியும் மூக்கால "ஹிக் ஹிக்". சபை மொத்தமும் "ஹிக் ஹிக்".

"கேட்டீங்களா மகராசா? நடை ஒண்ணு, குரல் ரெண்டு. சட்டப்படி உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் நகல்."

"அட, ஆமாம்!" ராஜா தொடையைத் தட்டினார். "விருத்தகிரி, மூட்டையைக் கட்டு!"

"அவசரப்படாதீங்க மகராசா. பின்னால வந்தவங்கதானே நகல்? ஐயாவுக்கு வயசு அறுபது. உங்களுக்கு நாப்பதுதானே?"

ராஜா சிம்மாசனத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். "அடப்பாவி! என்னையே நாடு கடத்தவா சட்டம் எழுதினாய்?"

"இல்லை மகாராஜா, நான்தான் நகல்! சத்தியமாக நான்தான் நகல்!"ன்னு விருத்தகிரி தடால்னு காலில் விழுந்தார்.

"சரி, நீயே சொல்லம்மா. எப்படித்தான் எழுதணும்?"னு ராஜா கேட்டார்.

"மனுச உடம்புல கைவெச்சு, தன் இஷ்டத்துக்கு ஆள் செய்யப் போறவன் கையைக் கட்டுங்க, மகராசா. அவன் யாரு, என்ன செய்யுறான்னு தெளிவா எழுதுங்க. பிறந்துட்ட உசுரை ஏன் பிடிக்கிறீங்க? அது எந்த வழியா வந்திருந்தாலும், வந்தது அது செஞ்ச குத்தமா?"

ராஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். தங்கத்தை உடனே கொண்டுவரச் சொன்னார். சடைச்சி ரெண்டு பிள்ளைங்களையும் வாரி அணைச்சு, வாய்விட்டு அழுதா. அவ சொன்னபடியே சட்டத்தை மாத்தி, அவளுக்கு ரெண்டு கறவை மாடும் கொடுத்தார் ராஜா. அப்புறம் விருத்தகிரி பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஒரே தண்டனை. உன் சொந்த நடையில் வீட்டுக்கு நடந்து போ."

விருத்தகிரி இடது காலைத் தூக்கினார், வெச்சார். வலது காலைத் தூக்கினார், அதையும் வெச்சார். நெத்தியில வேர்வை கொட்டுது. கடைசியில கையைக் கட்டிக்கிட்டு ராஜாவைப் பார்த்துக் கெஞ்சினார்:

"மகாராஜா, தாங்கள் ஒருமுறை நடந்து காட்டினால்..."