‘ஆனால்’ என்று நின்ற கல்

முன்னொரு காலத்தில், எந்த வருஷம் என்று கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன், ஒரு நாட்டை மகுடவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவருக்கு இருந்தது ஒரே ஒரு குறை. யாராவது ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

அதைச் சொல்வதற்கென்றே அந்த நாட்டில் ஊர்ச்சபை என்று ஒன்று இருந்தது. தெருக்காரர்களின் பெயர்களை ஓலை நறுக்கில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த பன்னிரண்டு பேர். ராஜா எந்த ஆணை போட்டாலும் இவர்கள் தலையாட்டினால்தான் செல்லும். இவர்களோ வெற்றிலையை மென்றுகொண்டு மூன்று நாள் பேசுவார்கள். மூன்றாம் நாள் முடிவில், ‘எதற்கும் இன்னொரு முறை யோசிக்கலாம்’ என்பார்கள். ராஜா புதிதாக ஒரு விருந்து மண்டபம் கட்ட ஆசைப்பட்டபோது, “இருக்கிற மண்டபமே பாதி காலியாகக் கிடக்கிறதே?” என்று ஓர் எண்ணெய் வாணியர் கேட்டுவிட்டார். அன்று ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் மந்திரியான பிரதானி கச்சிராயர் இதற்காகவே காத்திருந்தவர் போல அருகில் வந்தார்.

“மகாராஜா, தங்களுக்குச் சபை எதற்கு? தர்பார் மண்டபத்தில் நிற்கும் பழைய கல்லைப் படித்திருக்கிறீர்களா?”

ராஜா படித்ததில்லை. கச்சிராயர் உரக்கப் படித்தார். “பகைவர் கோட்டையைச் சூழும் ஆபத்துக் காலத்தில், அரசன் முரசு அறைவித்து, சபையைக் கேளாமல் தானே ஆணையிடலாம்.”

“ஆகா!” என்றார் ராஜா. பிறகு முகம் வாடியது. “ஆனால் பகைவர் யாரும் சூழவில்லையே, பிரதானி?”

“கண்ணுக்குத் தெரியும் பகைவன் என்ன பெரிய பகைவன், மகாராஜா? தெரியாதவன்தான் ஆபத்தானவன்.”

இந்தப் பதிலில் ராஜா சொக்கிப்போனார். அன்றே கோட்டை வாயிலில் ஆபத்து முரசு முழங்கத் தொடங்கியது.

முதல் ஆணை, அண்டை நாட்டு மாம்பழத்துக்கு எல்லையில் தீர்வை. “கட்டப்போவது அண்டை நாட்டான்தான்” என்று கச்சிராயர் மார் தட்டினார். கடைத்தெருவில் பழம் வாங்கப் போன நம் ஊர்ப் பெண்கள்தான் கட்டினார்கள். அடுத்த ஆணை, ஊரின் பெரிய ஏரிக்கு இனி ‘மகுடவர்ம சமுத்திரம்’ என்று பெயர். மீன்கள் மட்டும் பழைய பெயரிலேயே குடியிருந்தன. இப்படியே ஆணைமேல் ஆணையாக நாற்பது நாள் ஓடியது. ஒவ்வொரு முறையும் கச்சிராயர் கல்லருகே நின்று அந்த வாசகத்தைப் படிப்பார், ராஜா முத்திரை குத்துவார். பன்னிரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்கள்.

நாற்பதாம் நாள் மழையளப்பவர் நல்லபெருமாளை ராஜா கூப்பிட்டார். அரண்மனை முற்றத்தில் ஒரு கல்தொட்டி உண்டு. மழைக்காலம் முடிந்ததும் அதில் தேங்கிய நீரில் விரல்களை அடுக்கி அளந்து சொல்வது நல்லபெருமாளின் பரம்பரை வேலை. எட்டு விரல் இருந்தால் ஏரி மதகைத் தாராளமாகத் திறக்கலாம். குறைந்தால் திறக்கக்கூடாது, இருக்கும் நீரைக் கதிர் முற்றும் வரை காப்பாற்ற வேண்டும். ராஜாவோ மறுநாள் சாயங்காலம் மதகு திறப்பு விழா என்று அறிவித்து, யானைக்கு முகபடாம்கூடத் தைக்கவைத்துவிட்டார்.

“எத்தனை விரல்?” என்றார் ராஜா.

“மூன்று, மகாராஜா.”

“எட்டு என்று ஆணையிடுகிறேன்.”

நல்லபெருமாள் கைகூப்பினார். “தாங்கள் ஆணையிட்டால் நான் எட்டு என்று சொல்லிவிடலாம். தொட்டிக்கு யார் சொல்வது, மகாராஜா?”

ராஜாவின் காது சிவந்தது. கச்சிராயர் கல்லருகே ஓடினார். வாசகத்தைப் படித்தார். நல்லபெருமாளுக்கு வேலை போயிற்று. மறுநாள் பொழுது சாய்வதற்குள் மனைவி மக்களோடு நாட்டை விட்டே போக வேண்டும் என்று ஆணையாயிற்று.

இதையெல்லாம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் தாண்டவன். அவன் அரண்மனை விகடகவி. தர்பாரில் எல்லோருக்கும் ஆசனம் உண்டு, அவனுக்கு மட்டும் தரைதான். அது கச்சிராயர் செய்த ஏற்பாடு. ராஜா தாண்டவனின் பேச்சுக்குச் சிரித்தால் அந்தப் பிரதானிக்கு வயிறு எரியும்.

அவன் வீடு திரும்பியபோது வாசலில் நல்லபெருமாளின் மனைவி பூமாது நின்றுகொண்டிருந்தாள்.

“எட்டுன்னு சொல்லித் தொலைங்கன்னு நானே சொன்னேன் அண்ணே. ‘சொல்லிடலாம் பூமாது, தை மாசம் வயல் காயும்போது அந்த எட்டை எடுத்துப் பாய்ச்ச முடியுமா’ன்னு கேக்குறாரு. சின்னவளுக்கு இன்னும் காய்ச்சல் விடல. அவளத் தூக்கிட்டு எந்த ஊருக்குப் போவோம்?” சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது.

ஊரைச் சிரிக்கவைத்துப் பழகியவன் தாண்டவன். அழுகிற முகத்துக்கு முன்னால் கையைக் காலை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மூட்டை கட்டாதே தங்கச்சி” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை தர்பாரில் தாண்டவன் இடுப்பில் ஓர் அகப்பையைச் செருகிக்கொண்டு வந்து நின்றான்.

“இது என்ன கோலம்?” என்றார் ராஜா.

“போருக்குப் புறப்பட்டேன், மகாராஜா. நாற்பது நாளாக முரசு முழங்குகிறது. பகைவனை இதுவரை யாரும் ஓர் அடிகூட அடிக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவன் எங்கே என்று சொன்னால் போய் ஒரு போடு போட்டுவிட்டு வருவேன்.”

தர்பாரில் யாரோ சிரிப்பை அடக்கிச் செருமினார்கள். கச்சிராயர் சட்டென்று எழுந்தார்.

“மகாராஜா, இவ்வளவு ஆர்வமுள்ளவரிடமே இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். இன்று பொழுது சாய்வதற்குள் தாண்டவர் பகைவனைத் தங்கள் கண்முன் நிறுத்தட்டும். முடியாவிட்டால் மழையளப்பவரோடு அவரும் எல்லையைத் தாண்டட்டும்.”

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. “அப்படியே ஆகட்டும்!”

“உத்தரவு” என்றான் தாண்டவன். “ஆனால் வெறுங்கையோடு போனால் பகைவன் மதிக்க மாட்டானே. தங்கள் முத்திரை மோதிரம் பொழுது சாயும் வரை என் விரலில் இருக்கட்டும்.”

ராஜா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். “பகைவனைப் பிடிக்க எது தேவையோ அதைச் செய்.”

தாண்டவன் வெளியே போனான். அரை நாழிகையில் நான்கு கல்தச்சர்களோடு திரும்பிவந்தான். அவர்கள் கையில் கடப்பாரை. தர்பாரின் நடுவே கம்பளத்தைச் சுருட்டி, அந்தப் பழைய கல்லைச் சுற்றி மழமழவென்று இருந்த தளத்தைப் பெயர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

“ராஜத்துரோகம்!” என்று கச்சிராயர் அலறினார்.

தாண்டவன் மோதிரத்தை உயர்த்திக் காட்டினான். “பொறுங்கள் பிரதானி. மகாராஜா, தரையில் உட்காருகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. நின்றுகொண்டு படிப்பவர் கண்ணில் படாதது அவன் கண்ணில் படும். நேற்றுக் கம்பளத்தின் ஓரம் மடங்கிக் கிடந்தது. அங்கே கல்லில் இன்னும் ஒரு வார்த்தை இருந்தது.”

“என்ன வார்த்தை?”

“‘ஆனால்.’ அதோடு தரை வந்துவிட்டது. தங்கள் பாட்டனார், அண்டை நாட்டு அரசனைவிட உயரத்தில் உட்கார வேண்டும் என்று இந்தத் தளத்தை ஒரு முழம் உயர்த்தினார். தங்கள் தந்தையார் இன்னொரு முழம். தாங்கள் பட்டம் ஏறியதும் பளிங்கு போட்டீர்கள். எல்லோரும் உயர உயர, கல் உள்ளே போய்விட்டது. ஆபத்துக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதிதானே நமக்குத் தெரியும்? மீதியையும் தெரிந்துகொண்டால் பகைவனை எளிதாகப் பிடித்துவிடலாம்.”

பள்ளம் இடுப்பளவு ஆனது. தச்சர்கள் கல்லில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார்கள். கீழே நெருக்கமாக எழுத்துகள் தெரிந்தன.

“பிரதானியே படிக்கட்டும்” என்றான் தாண்டவன். “நாற்பது நாளும் அவர்தானே படித்தார்.”

கச்சிராயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். “ஆனால், முரசு ஓயும் வரை அரசன் இரும்புக் கவசம் கழற்றலாகாது.” தொண்டையைச் செருமினார். “கோட்டை வாயிலில் வெறுந்தரையில் படுக்க வேண்டும். காவல் வீரர் குடிக்கும் கூழையே குடிக்க வேண்டும். எண்ணெய்க் குளியலும் பாட்டும் கூத்தும் ஆகா.” அத்தோடு பள்ளத்திலிருந்து ஏறப் பார்த்தார்.

“இன்னும் ஒரு வரி இருக்கிறதே” என்றார் ராஜா.

“முரசு அறையச் சொன்ன மந்திரி, கேடயம் இல்லாமல், வாயிலுக்கு வெளியே, முதல் ஆளாக நிற்க வேண்டும்.”

“கீழ்ப்பாதியை நான் ரத்து செய்கிறேன்!” என்றார் ராஜா.

“தாராளமாக, மகாராஜா. எந்த அதிகாரத்தால் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சபையைக் கேட்கலாம். இல்லை, இந்தக் கல் கொடுத்த அதிகாரம் என்றால், கல்லின் மேல்பாதி செல்லும்போது கீழ்ப்பாதியும் செல்லுமே. இல்லாவிட்டால் ஊரில், நம் மகாராஜாவுக்குக் கவசம் பாரம் என்று பேசிக்கொள்வார்கள்.”

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “கொண்டு வா கவசத்தை!”

கவசம் பாட்டனாருடையது. பாட்டனார் ஒல்லி. நான்கு பேர் பிடித்து ராஜாவை அதற்குள் அடைத்தார்கள். உச்சி வெயிலில் அவர் கோட்டை வாயிலில் உட்கார்ந்தார். ஒரு வீரன் கும்பிட்டுவிட்டுக் கூழ்க்கலயத்தை நீட்டினான். வெளியே, மூடிய கதவுக்கு அப்பால், கச்சிராயர் தனியாக நின்றார். தலைக்கு மேலே முரசு டம் டம் என்று முழங்கியது.

ஒரு நாழிகை போயிற்று. ராஜாவுக்கு முதுகு அரித்தது. கவசத்துக்குள் கை போகவில்லை. இரண்டாம் நாழிகையில் தலைவலி. வெயில் மேற்கே சாய்ந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“தாண்டவா! பொழுது சாயப்போகிறது. எங்கே உன் பகைவன்? பிடித்துக் கொடு, இல்லை மூட்டை கட்டு!”

“பிடித்தாயிற்று, மகாராஜா. தங்களை அரண்மனையை விட்டு வெளியேற்றி, வெயிலில் உட்கார்த்தி, கூழ் குடிக்க வைத்து, நாற்பது நாளாக யார் சொல்வதும் தங்கள் காதில் விழாதபடி சத்தம் போட்டது யாரோ, அவன்தான் பகைவன். அதோ, தலைக்கு மேலே இருக்கிறான்.”

ராஜா நிமிர்ந்து பார்த்தார். கவசம் கடகடக்கப் படியேறினார். முரசு கொட்டுபவனின் கையிலிருந்து குறுந்தடியைப் பிடுங்கி, கோட்டை அகழிக்குள் வீசினார்.

சத்தம் நின்றது. கடைத்தெருவில் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் கத்துவதை அப்போதுதான் உணர்ந்து வாயை மூடினார்கள். அந்த அமைதியில் ராஜா தன் வயிற்றைப் பார்த்தார், கவசத்தைப் பார்த்தார், கூழ்க்கலயத்தைப் பார்த்தார். முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு கவசத்தின் ஆணி தெறிக்கும் வரை சிரித்தார்.

“மதகு?” என்றான் தாண்டவன் மெதுவாக.

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. நேராக அரண்மனை முற்றத்துக்குப் போனார். நல்லபெருமாளையும் பூமாதையும் அழைத்துவரச் சொன்னார். அவர்கள் கண்ணெதிரே தொட்டியில் தானே கையை விட்டு அளந்தார்.

“என் விரலுக்கு இரண்டரைதான் வருகிறது” என்றார் தாழ்ந்த குரலில்.

“மகாராஜாவின் விரல் கொஞ்சம் பருமன்” என்றார் நல்லபெருமாள். “நாட்டுக்கு மூன்று என்றே இருக்கட்டும்.”

மதகு திறக்கப்படவில்லை. யானை முகபடாத்தோடு கொட்டிலுக்குத் திரும்பியது. பூமாது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கஷாயம் வைக்க வீட்டுக்கு ஓடினாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“தர்பாரில் தோண்டிய பள்ளத்தை மூடாதீர்கள், மகாராஜா. இனி யார் அந்தக் கல்லைப் படிப்பதானாலும் கீழே இறங்கிப் படிக்கட்டும்.”

ராஜா தலையாட்டினார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. “அடடா, கச்சிராயர் இன்னும் வெளியே நிற்கிறாரே! உள்ளே வரச் சொல்லி ஓர் ஆணை எழுது!”

“எழுதிவிடலாம்” என்றான் தாண்டவன். “ஆனால் முரசுதான் நின்றுவிட்டதே. ஆணை சபைக்குப் போக வேண்டும்.”

பன்னிரண்டு பேரும் கூடினார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. பிரதானியை உள்ளே விடலாமா என்று மூன்று நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த எண்ணெய் வாணியர் எழுந்து, “எதற்கும் இன்னொரு முறை யோசிக்கலாம்” என்றார்.

ராஜாவின் காது சிவக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வாயிலுக்கு ஒரு கலயம் கூழ் அனுப்பிவைத்தார்.