மல்லிக் கோப்பி குடிச்ச வான்

சீவரத்தினத்தார் வாயைத் திறந்தால் பாதியைத் தள்ளி, மிச்சத்திலையும் பாதியைத் தள்ளித்தான் கேக்கோணும். இது நெல்லியடிச் சனத்துக்கெல்லாம் தெரியும். வாகீசனுக்கு இன்னும் நல்லாத் தெரியும், அவர் அவன்ரை தாய்மாமன். ஆனால் கலியாண நாளண்டு காலமை, பளைக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை வாசலிலை பட்டு வேட்டியோடை நிண்ட வாகீசனுக்கு அந்த வாயை விட்டால் வேறை நாதியில்லை.

விசயம் இதுதான். பொம்பிளை வீடு வவுனியா. மாப்பிள்ளை, தாலி, கூறைச்சேலை எல்லாம் ஒரே வானுக்குள்ளை. வான் அவன்ரை ஒண்டுவிட்ட தமையன் கேதீசின்ரை. பழைய ஜப்பான் வான், கியர் தானாய் மாறுற ஓட்டோ கியர். கேதீஸ் அதை வாங்கி ரெண்டு கிழமைகூட இல்லை, அதுக்கு முதல் ஓட்டோ கியரைத் தொட்டும் பாக்காதவன். வெளிக்கிட்ட நேரந்தொட்டு வான் கடைசிக் கியருக்கு மாறவே மாட்டன் எண்டு நிண்டுது. கொஞ்சம் வேகம் பிடிச்சால் இஞ்சின் குழறுது. கியர்ப்பெட்டி உடைஞ்சு போகுமெண்டு பயந்து அவன் மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கொண்டு வந்தான். இந்த உருட்டிலை போனால் முகூர்த்தம் தப்பிப்போகும், பந்தியும் எழும்பியிருக்கும்.

முன் சீற்றைத் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டுக் கியர் ஓயிலைப் பார்த்தான் கேதீஸ். அளவும் சரி, நிறமும் சரி, கருகின மணமும் இல்லை. அவனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அவ்வளவுதான். எல்லாரும் ஜேர்மனியிலை இருந்திட்டு வந்த சீவரத்தினத்தாரைத் திரும்பிப் பார்த்தினம். அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடிச்சுத் தொண்டையைச் செருமினார்.

ஜேர்மனியிலை தன்னட்டையும் இப்பிடி ஒரு கிழட்டு வான் நிண்டதாம். மூண்டாம் கியர் விழமாட்டன் எண்டு அடம்பிடிச்சுதாம். அங்கத்தை மெக்கானிக்மார் மெசின் பூட்டிப் பார்த்துக் கையை விரிச்சிட்டினமாம். இவர் கீழை படுத்துக் காதை வைச்சுக் கேட்டாராம். வேறொண்டுமில்லை, மூண்டாம் கியருக்குத் தடிமன். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் கோப்பி காய்ச்சி ஓயில் குழாயாலை ஊத்தினாராம். வான் தும்மின தும்மலிலை பக்கத்து வீட்டு யன்னலெல்லாம் திறந்து, கியர் சட்டெண்டு விழுந்திட்டுதாம்.

"வானுக்கு மூக்கு எங்கை மாமா?" எண்டான் கேதீஸ்.

"பின்னை சைலென்சரை என்னெண்டு நினைச்சாய்?"

அதுக்குப் பிறகு கியர் வெண்ணெய் மாதிரி மாறினதாம். ஒருநாள் வேலைக்கு வெளிக்கிட்டவர் அதுக்கு முதல் நாள் பின்னேரமே போய் நிண்டாராம். இண்டைக்கு உனக்கு லீவெல்லோ எண்டு முதலாளி திருப்பி அனுப்பினவனாம். கடைக்காரர் வடைத் தட்டைக் கையிலை வைச்சபடி வாயைப் பிளந்துகொண்டு நிண்டார். ஆள் கிடைச்ச சந்தோசத்திலை மாமாவுக்கு இன்னும் ஏறிப்போச்சுது.

பொலிசைக் கண்டால் வானுக்குத் தானாய் றிவேர்ஸ் விழுமாம். பின்னுக்கு ஓட ஓட மீற்றரும் பின்னுக்குச் சுத்தி, குடிச்ச பெற்றோல் திரும்பித் தாங்கிக்குள்ளை ஏறி, கடைசியிலை மீற்றர் சைபருக்கு வர, வான் பெயின்ற் மணத்தோடை புதுசாய் நிண்டதாம். செய்த கொம்பனிக்காரர் வந்து, இது நாங்கள் இன்னும் விக்காத வானெல்லோ எண்டு கொண்டு போட்டினமாம். இல்லாட்டி இண்டைக்கு அதிலையே போயிருக்கலாம் எண்டு பெருமூச்சு விட்டார்.

வாகீசனுக்கு அழுகை வந்திட்டுது. "மாமா, எனக்கு இண்டைக்குக் கலியாணம். இந்த வானைப் பாருங்கோ" எண்டான்.

சீவரத்தினத்தார் சால்வையை இறுக்கிக்கொண்டு ட்றைவர் சீற்றிலை ஏறி, நாடி பிடிக்கிற பரியாரி போலை கியர்த் தடியைப் பிடிச்சுக் கண்ணை மூடினார். பிடி கிடைக்கேல்லை, தேசிக்காய்தான் கைக்குள்ளை வந்துது. பம்பரிலை கட்டினால் நாவூறு பின்பக்கத்தாலை ஏறிப்போடும் எண்டு காலமை அவர்தான் தேசிக்காயும் மிளகாயும் கோத்து அந்தத் தடியிலை சுத்திக் கட்டினவர். பின் சீற்றிலை இருந்த அவரின்ரை மனிசி பவளம் எட்டி அந்த நூலை அறுத்தா. உள்ளை ஒரு சின்னப் பொத்தான் தெரிஞ்சுது. கடைசிக் கியர் விழாமல் பூட்டி வைக்கிற பொத்தான் அது. கட்டேக்கை அமத்துப்பட்டுப் போச்சுது. அதைச் சொல்ல வேண்டிய, மீற்றருக்குப் பக்கத்து மஞ்சள் லைற்றுக்கு மேலையோ, மாமா மங்களமாய் வைச்ச சந்தனப்பொட்டு. கேதீஸ் பொட்டைத் துடைச்சிட்டுப் பொத்தானைத் திருப்பி அமத்த, லைற் அணைஞ்சுது. றோட்டிலை ஏறினதும் வான் குழறாமல் கடைசிக் கியருக்கு மாறி ஓடிச்சுது. வாகீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மண்டபத்துக்கு நேரத்தோடை போய்ச் சேர்ந்தாச்சு. வாகீசன் மணவறையிலை தாலியைக் கையிலை எடுக்கிறான். பக்கத்திலை கூறை உடுத்துத் தலை குனிஞ்சிருக்கிறா தர்மினி. அந்த நேரமும் மாமாவின்ரை வாய் ஓயேல்லை. பொம்பிளைப் பகுதியாரைப் பிடிச்சு வைச்சு, தான் கியரைத் திருத்தின வரலாறு சொல்லிக்கொண்டு நிக்கிறார்.

"வான் பறந்த பறப்பிலை, நாங்கள் இஞ்சை வந்து இறங்கேக்கை பொம்பிளையட்டை இன்னும் சம்மதமே கேக்கேல்லையெண்டால் பாருங்கோவன்."

தர்மினி தலையை நிமிர்த்தாமல் சொன்னா, "அப்ப இப்ப கேளுங்கோ மாமா. நான் கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவன்."

வாகீசன்ரை கை அந்தரத்திலை நிண்டுது. சீவரத்தினத்தார் மேளகாரர் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள், கெதியாய்க் கெட்டிமேளத்தை அடியுங்கோ."