வெயிலைப் பூட்டச் சொன்ன அதிகாரி

பெனின் நாட்டின் வடக்கே ஒரு சிற்றூரில், பெண்கள் சேர்ந்து கீரை பயிரிட்டார்கள். சோலார் பம்பு அவர்களுக்குத் தண்ணீர் இறைத்தது. ஒருநாள் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார்.

“எரிபொருள் எங்கே?”

பம்பைக் கவனித்துக்கொள்ளும் பாக்கே வானத்தைக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“எங்கே இருந்தாலும் சரி. எரிபொருளை அறைக்குள் பூட்டி வைப்பதுதான் விதி. நாளை நான் வரும்போது பூட்டி வைக்காவிட்டால் பம்பைக் கழற்றிவிடுவேன்.”

பெண்கள் கலங்கிப்போனார்கள். தண்ணீர் நின்றால் நாற்று இரண்டு நாள் தாங்காது. பாக்கே மட்டும் சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்ததும், அவள் கிழக்குப் பார்த்த, ஜன்னலில்லாத ஒரு காலி அறையின் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே தரையெல்லாம் வெயில் அடித்தது.

“நிரப்பிவிட்டோம், ஐயா. நீங்களே பூட்டுங்கள்.”

அவர் பூட்டிவிட்டு, கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரே இருட்டு. திறந்தார், வெயில் இருந்தது. மறுபடி பூட்டினார், காணவில்லை. நான்கு தடவை இப்படியே செய்துவிட்டு திருதிருவென விழித்தார்.

“நீங்கள் பூட்டும்வரை இருந்ததே, ஐயா,” என்றாள் பாக்கே பணிவாக. “சாவியும் உங்களிடம்தான் இருக்கிறது. எங்கள் எரிபொருளை என்ன செய்தீர்கள்?”

சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது.

சாவியை அவள் கையில் கொடுத்து, “பம்பை ஓட்டம்மா,” என்றார்.