சங்க அறையின் நீல ஒயர்

நியாயம் சொல்வதில் ஆசை உள்ளவர்கள் இதை நிதானமாக வாசிக்க வேண்டும். தீர்ப்புக்குத் தேவையான எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே போய் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு நூற்பாலையை மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் கேட்டுக்கு உள்ளே ஓர் அறை மட்டும் தினமும் திறந்தது. அது சங்க அறை. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஆலை அலுவலகம் வேண்டாமென்று ஒதுக்கியதைச் சங்கம் கேட்டு வாங்கியது. ஆலையின் நெட்வொர்க்கிலிருந்து அதற்கு ஒரு நீல ஒயர் வந்தது. அந்த ஒயர் சும்மா வரவில்லை. வேலைநிறுத்தம் செய்து, கேட்டருகே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடித்து வாங்கியது. சங்கச் செயலாளர் நஞ்சப்பன், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அந்த ஒயரைத்தான் காட்டுவார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் வேலாத்தாள் பேசினாள். பஞ்சு உடைக்கும் பகுதியில் காலமெல்லாம் தூசியைக் குடித்து நுரையீரல் கெட்டவள். தூசி இழுக்கும் விசிறியை நிறுத்தச் சொன்னது யார், ஏன் என்பதைச் சாவதற்கு முன்னால் இருமலுக்கு நடுவே அவள் சொல்ல, நஞ்சப்பன் தன் போனில் படம் பிடித்தார். போனில் இடம் போதாததால் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனிலிருந்ததை நீக்கினார். நஷ்டஈட்டு வழக்கில் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

அவள் மகள் துளசிமணி ஒருநாள் பென் டிரைவோடு வந்தாள்.

"அம்மா பேசுனதை இதுல போட்டுக் குடுங்ணா. புள்ளைக்கு அம்மாயியைக் காட்டோணும்."

"இது கேசுக்கான சாட்சி, அம்மிணி. வெளிய போச்சுன்னா கம்பெனிக்காரன் கைக்குப் போயிரும். கேசு முடியட்டும்."

"எங்கம்மாதானுங்களே?"

"சங்கத்துக்கும் அம்மாதான்" என்றார் நஞ்சப்பன். அவள் பென் டிரைவைப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

விசாரணை நெருங்கிய நேரத்தில், ஆலை தன் கம்ப்யூட்டர்களை மொத்தமாக விற்றது. கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதை அழித்துத் தர, ஜாபர் என்ற டெக்னீசியன் வந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலையே இல்லை. சர்வர் அறையில் உட்கார்ந்து ஒரு கட்டளை கொடுத்தால் போதும். நெட்வொர்க்கில் தொங்கும் கம்ப்யூட்டர்கள், அணைத்து வைத்திருந்தாலும், தாமே விழித்துக்கொள்ளும். தம் டிஸ்க்கின் மேல் கண்டதையும் எழுதி, அதன் மேல் மறுபடி எழுதி, பழையதன் சுவடே இல்லாமல் செய்துவிடும்.

ஜாபர் முதலில் சங்க அறைக்குத்தான் வந்தார்.

"ஐயா, இந்தப் பெட்டி முன்னாடி ஆபீஸ்ல இருந்தது. நெட்வொர்க்குக்கு இதுவும் ஆபீஸ் பெட்டிதான். மத்தியானம் வரைக்கும் இந்த ஒயரைக் கழட்டி வையுங்க."

"கழட்டச் சொல்லி உன்னை அனுப்புனது யாரு?"

"யாருமில்லீங்க. நானாத்தான் சொல்றேன்."

நஞ்சப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மத்தியானம் வரைக்கும் என்று சொல்லித்தான் கேன்டீனைப் பூட்டினார்கள். மத்தியானம் வரைக்கும் என்று சொல்லித்தான் குடிதண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். அந்த மத்தியானங்கள் இன்னும் முடியவில்லை.

"ஒருக்கா கழட்டுனா, மாட்டறதுக்கு மறுபடியும் கஞ்சி காச்சோணும் தம்பி. ஒயர் அங்கயேதான் இருக்கும்."

"அப்ப இந்தப் பெட்டியை நான் அழிக்கிற லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேங்க."

"வாக்குத்தானே?"

"வாக்குதாங்க."

நஞ்சப்பன் நிம்மதியாக டீ குடிக்கப் போனார். சர்வர் அறையில் அதற்குப் பின் நடந்ததை ஜாபரே பிற்பாடு சொன்னார். மேனேஜர் சுதர்சனம் உள்ளே வந்தாராம். கம்ப்யூட்டர்களை ஏற்றிப்போக லாரி வந்து நின்றிருந்ததாம்.

"என்னப்பா, ஒவ்வொண்ணா பொறுக்கிட்டு இருக்கே? மொத்தமா போடு."

"சார், சங்க ரூம் பெட்டி ஒண்ணு..."

"அது கம்பெனி வாங்கினது. போடுன்னா போடு. இல்ல, இந்த வேலைக்கு வேற ஆள் வரணுமா?"

ஜாபர் பொத்தானை அழுத்தினார்.

டீ குடித்துத் திரும்பிய நஞ்சப்பன், பூட்டிய அறைக்குள் கம்ப்யூட்டர் உறுமும் சத்தம் கேட்டுப் பதறிக் கதவைத் திறந்தார். வேலை முடிந்தது என்று திரை காட்டியது. கழற்ற மாட்டேன் என்ற ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். காந்திபுரத்தில் ரிப்பேர் கடைக்காரர் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சும்மா டெலிட் பண்ணியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேங்ணா. இது மேல மேல எழுதி அழிச்சது."

மறுநாள் சங்க அறையில் பெரிய சண்டை. "வாக்குக் குடுத்துட்டு அழுத்துனவன் நீ" என்றார் நஞ்சப்பன். "அழுத்த வெச்சவர் அவர்" என்றார் ஜாபர். "கழட்டச் சொன்னப்ப வீறாப்புப் பேசினது யாரு?" என்று சிரித்தார் சுதர்சனம். வாசலில் நின்றிருந்த துளசிமணி, பர்ஸை இறுக்கிப் பிடித்தபடி கேட்டை நோக்கி நடந்தாள்.

தீர்ப்புச் சொல்லுங்கள். இந்த மூவரில் வேலாத்தாளின் குரலை அழித்தவர் யார்? எந்தச் செயலால் அழித்தார்?

விடை: சுதர்சனம் என்று சொல்லக் கை துறுதுறுக்கும்; எனக்கும் அப்படித்தான். ஆனால் முதலாளியின் ஆள் முதலாளியின் வேலையைச் செய்தான். அவன் அப்படித்தான் செய்வான் என்று தெரிந்துதானே சங்கம் வைத்தோம்? ஜாபர் சோற்றுக்குப் பயந்து வாக்கை விட்டார். அது குற்றம்தான், ஆனால் முதல் குற்றம் அல்ல. ஒயரைக் கழற்ற மறுத்ததையும் நான் குற்றமென்று சொல்ல மாட்டேன். அத்தனை மத்தியானங்களில் ஏமாந்தவன் வேறு எப்படி நடப்பான்? ஆனால் இந்த மூன்றும் நடந்த பிறகும் வேலாத்தாள் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாள், மகளின் பர்ஸுக்குள். அழித்தவர் நஞ்சப்பன், அந்தப் பென் டிரைவைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கே அழித்துவிட்டார். கம்பெனியை நம்பாதது அவர் கெட்டிக்காரத்தனம். வேலாத்தாளின் மகளையும் கம்பெனிக்காரனையும் ஒரே தராசில் வைத்தாரே, அதற்கு எந்தப் போராட்டத்தில் தீர்மானம் போட்டோம்? துளசிமணியின் பென் டிரைவ் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவள் அதில் வேறெதையும் ஏற்றவில்லை.