எருமையும் ஏழு இங்கிலீஷ் வார்த்தைகளும்

பூவலூர் ராஜா கனகமார்த்தாண்டருக்கு இங்கிலீஷில் ஏழு வார்த்தைகள் தெரியும். ஏழும் வழக்குத் தீர்க்கிற வார்த்தைகள். அவற்றால் இதுவரை ஒரு வழக்குகூடத் தீர்ந்ததில்லை.

அந்த வார்த்தைகளை ஊருக்குக் கொண்டுவந்தவர் சபாரத்தினம். பட்டணத்தில் ஒரு வக்கீல் வீட்டு வராந்தாவில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவர். உள்ளே போனாரா என்பது யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது கறுப்பு அங்கி போட்டிருந்தார். ராஜாவுக்கு அது போதும், ஜட்ஜாக்கிவிட்டார். ஜட்ஜ் எழுதிய ஒரு சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். எந்தப் பொருளையும் யாராவது தன்னுடையது என்று மனு எழுதிக் கொடுத்தால் போதும், அது உடனே அட்டாச்மெண்ட். தீர்ப்பு வரும்வரை அரண்மனைக் காவலில் இருக்கும். யாரும் தொடக்கூடாது.

அதே ஊர்க்காரன் கொம்பையாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பால்காரி ஒச்சம்மாவின் எருமை கன்று போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. “அந்த எருமை என்னுடையது” என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தான். மறுநாளே சேவகர்கள் எருமையை ஓட்டிவந்து அரண்மனைத் தொழுவத்தில் கட்டினார்கள். கன்று ஒச்சம்மா வீட்டிலேயே நின்றது.

மூன்றாம் நாள் ஒச்சம்மா சபைக்கு வந்தாள்.

“ஐயா, கன்னு பால் குடிச்சு மூணு நாளாச்சு. கஞ்சித்தண்ணி ஊத்துறேன், துப்புது. நாளையைத் தாண்டாதுய்யா.”

“அட்ஜர்ன்மெண்ட்!” என்றார் ஜட்ஜ்.

“அப்படின்னா?”

“பதிமூன்றாம் தேதி வா.”

“அன்னைக்கு எருமையைக் குடுத்துருவீகளா?”

“அன்றைக்கு அடுத்த தேதி கொடுப்போம்.”

ராஜா பூரித்துப்போனார். பக்கத்தில் நின்ற வெள்ளியம்பலத்தைப் பார்த்தார். அரண்மனைக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது அவர் வேலை.

“கேட்டீரா, எவ்வளவு சுத்தமான இங்கிலீஷ்!”

“கேட்டேன் மகாராஜா. கன்றுக்குத்தான் விளங்காது.”

“உமக்கு நீதியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. சும்மா இரும்.”

வெள்ளியம்பலம் சும்மா இருந்தார், மறுநாள் காலைவரை.

மறுநாள் பத்து மணிக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவர் அரண்மனைக்கு வருவதாக இருந்தது. ராஜா எட்டு நாள் தாடியோடு சவரத்துக்கு உட்கார்ந்தார். பட்டம் கட்டிய அன்று கொடுத்த வெள்ளிப்பிடிக் கத்தியைத் தவிர வேறெந்தக் கத்தியும் ராஜா முகத்தில் படக்கூடாது. அது பூவலூர் வழக்கம். நாவிதர் மருதையன் இடது கன்னத்தை வழித்து முடித்தார். வலது கன்னத்தில் நுரை போட்டார். அப்போது ஒரு காகிதத்தோடு வெள்ளியம்பலம் வந்தார்.

“கத்தியைக் கீழே வையும் மருதையா. அட்டாச்மெண்ட்.”

ராஜா திடுக்கிட்டார். “யார் கொடுத்த மனு?”

“நான்தான் மகாராஜா. அந்தக் கத்தி என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். ஜட்ஜ் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். மனுவை அவர் படிப்பது விசாரணையின்போதுதானே?”

“பச்சைப் பொய்!”

“பொய்யா நிஜமா என்று தெரியத்தானே வழக்கு?”

“மருதையா, நீ வழி!”

“எனக்கும் சம்மன் வந்திருக்கு மகாராஜா. தொட்டா ஜெயிலாம்.”

ஜட்ஜைக் கூப்பிட்டார்கள். ராஜாவின் ஒரு கன்னம் பளபளவென்றும் மறு கன்னம் கரடிபோலவும் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்தது.

“கத்தியைக் கொடுக்கச் சொல்லும்!”

“ஸ்டே இருக்கிறது மகாராஜா. விசாரித்துத்தான் விலக்க முடியும்.”

“விசாரியும்!”

“பதிமூன்றாம் தேதிதான்...”

“நான் ராஜா. உத்தரவு போடுகிறேன்!”

ஜட்ஜ் அங்கியை இழுத்து விட்டுக்கொண்டார். “இந்த வழக்கில் மகாராஜா கட்சிக்காரர். உத்தரவு போட மகாராஜாவுக்கு ஜூரிஸ்டிக்ஷன் கிடையாது. வேண்டுமானால் அப்பீல் செய்யலாம்.”

“யாரிடம்?”

“என்னிடம்தான்.”

ஊர்க்கோடியில் துரையின் வண்டிச் சத்தம் கேட்டது. நுரை காய்ந்து ராஜாவின் கன்னம் அரித்தது.

“வெள்ளியம்பலம், மனுவைத் திரும்ப வாங்கும்!”

“எருமை வழக்கு முடிந்த கையோடு வாங்கிக்கொள்கிறேன்.”

“அது யார் எருமை என்று எனக்கு எப்படியப்பா தெரியும்?”

“கொம்பையா எருமையைக் கேட்டான். இருபது நாள் கன்றைக் கேட்டானா? கன்றை விட்டுவிட்டு எருமையை மட்டும் கேட்கிற சொந்தக்காரன் உண்டா மகாராஜா? சந்தேகம் இருந்தால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள். எருமைக்கு வீடு தெரியும்.”

அவிழ்த்தார்கள். அதற்குள் சேதி தெரிந்து வாசலில் கொம்பையா ஒரு கட்டுப் பச்சைப்புல்லை நீட்டிக்கொண்டு நின்றான். எருமை அவனை முட்டித் தள்ளிக்கொண்டு போனது. துரைக்குக் கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்தது. இரண்டு தெரு தாண்டி ஒச்சம்மா வீட்டில் போய்த்தான் நின்றது. பின்னாலேயே ஓடிய சேவகன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

“கன்னு குடிக்குது மகாராஜா!”

கொம்பையாவைத் தேடினார்கள். புல்லுக்கட்டு மட்டும் கிடந்தது.

வெள்ளியம்பலம் மனுவைக் கிழித்தார். ராஜா சட்டத்தைக் கிழித்தார். துரை படியேறுவதற்குள் மருதையன் வலது கன்னத்தை முடித்துவிட்டார். ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பழைய ஆசை விடவில்லை.

“வெள்ளியம்பலம், இப்போது வழக்கைத் தீர்த்தீரே, இந்த முறைக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?”

“தெரியாது மகாராஜா. பெயர் வைப்பதற்குள் முடிந்துவிட்டது.”